யாரும் திட்டாத என் நாத்தனார்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயப்படாதீர்கள், நல்லபடியாகத்தான் முடிகிறது. கதை எழுதத் தெரிந்தவர்கள் இப்படி எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைக்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வருடமாக வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அதே புளியை உங்களுக்கும் கரைக்க மனசு வரவில்லை.

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. மத்தியானம் சாப்பிட்டு எழுந்த நேரம். என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டாள். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை அவள். எடுத்தால் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அண்ணி..."

"என்னடி? என்ன ஆச்சு?"

"இன்னைக்கு ஆபீஸ்ல என்னைத் திட்டிட்டாங்க அண்ணி. எல்லாரும் சேர்ந்து. கிழி கிழின்னு கிழிச்சுட்டாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. "யாரு? எவன் அவன்? சொல்லு" என்று நான் கத்த, உள்ளேயிருந்து வீட்டுக்காரர் ஓடிவர, அப்புறம்தான் கவனித்தேன். அவள் அழுதுகொண்டேதான் இருந்தாள், ஆனால் நடுநடுவே சிரிப்பு வெடித்தது. "அண்ணி, ஒருத்தர் விடாம திட்டினாங்க அண்ணி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள், பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை சொல்வதுபோல. எனக்கும் அழுகை வந்துவிட்டது. என்ன நடந்தது என்று முழுசாகப் புரிவதற்கு முன்பே வந்துவிட்டது.

திட்டு வாங்கியதற்கு ஒரு குடும்பமே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுததென்றால், அதை எழுதாமல் வேறு எதை எழுத? பேனாவை எடுத்தேன்.

2

பேனாவை எடுத்ததும் தொடங்கியது சனியன். எங்கே ஆரம்பிப்பது?

ஆரம்பம் ஒன்று: "அந்த அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு அவளுக்காகத் தானாகத் திறந்தது. ஆனால் மனிதர்களின் மனக்கதவுகளோ..."

[அடித்துவிட்டேன். இதைப் படித்தால் என் நாத்தனார் என்னோடு பேசமாட்டாள்.]

ஆரம்பம் இரண்டு: "திறன்மிகு குடியேறிகளைப் பணியிடத்தோடு ஒருங்கிணைப்பதில் நிறுவனங்கள் ஆற்றும் பங்கு பன்முகத்தன்மை வாய்ந்தது. அதை மூன்று நிலைகளில்"

[இங்கேயே நிறுத்திவிட்டேன். எழுதிக்கொண்டிருந்த எனக்கே கொட்டாவி. பக்கத்தில் எட்டிப் பார்த்த வீட்டுக்காரர், "யாருக்கு மனு போடறே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.]

ஆரம்பம் மூன்று: "ஒரு வருடமாக அவளை யாரும் திட்டவில்லை."

இது இருக்கட்டும். இதிலிருந்து போகலாம். ஆனால் அதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவழியில் விட்டுவிட்டுப் போன பாவம் எனக்கு.

என் நாத்தனார் ஒரு பொறியாளர். பெரிய கட்டடங்களுக்குள் காற்று போகவும் வரவும் குழாய் வரைகிறவள். டக்ட் என்பார்களே, கூரைக்கு மேலே தகரத்தில் ஓடுமே, அது. இங்கே அவள் வரைந்து எழும்பிய ஆஸ்பத்திரிகள் உண்டு, திரையரங்குகள் உண்டு. அந்த வெளிநாட்டுக் கம்பெனி அவளைத் தேடிப் பிடித்து அழைத்துக்கொண்டது. போனாள். அவள் கணவர், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மாப்பிள்ளை, மகளோடு எங்கள் மாடியில் தங்கினார். மகளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். பெயர்ப் பொருத்தம் அப்படி.

ஏன் அவர்களும் கூடப் போகவில்லை? இதுதான் விஷயம். அந்தக் கம்பெனியில் புதிதாகச் சேருகிற பொறியாளருக்கு ஒரு வருடம் தவணை. அதற்குள் "கையெழுத்து உரிமை" வாங்க வேண்டும். அதாவது, தன் வரைபடத்தின் கீழே தானே கையெழுத்துப் போட்டுக் கட்டுமானத்துக்கு அனுப்புகிற உரிமை. கிடைத்தால் முழுப் பொறியாளர். குடும்பத்தை அழைத்துக்கொள்ள அந்த நாட்டில் அனுமதி உண்டு. கிடைக்காவிட்டால் உதவியாளர். உதவியாளர்களுக்குக் குடும்ப அனுமதி கிடையாது. தனியாக இருக்கலாம், இல்லை மூட்டை கட்டலாம்.

ஆக, ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு குடும்பம். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்த ஊர்க்காரர்கள் பேசியதையெல்லாம் நான் நம் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். என் நாத்தனார் அப்படித்தான் எனக்குச் சொன்னாள். அவர்கள் நிஜமாகவே "ஐயையோ" என்று சொன்னார்களா என்று யாரும் ஆராய வேண்டாம்.)

3

ஒரு வருடமாக அவளை யாரும் திட்டவில்லை.

கம்பெனியில் வரவேற்புக்கென்றே ஓர் அம்மாள் இருந்தார். நல்ல மனுஷி. வீடு பார்த்துக்கொடுத்தார், வங்கிக்குக் கூடவே போனார், எந்தப் பேருந்தில் ஏறினால் கால் வலிக்காது என்று சொல்லிக்கொடுத்தார். நாற்காலி உயரம் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாராம். நான்கூடச் சொன்னேன், "கல்யாண வீட்டுலகூட இப்படிக் கவனிக்கமாட்டாங்கடி" என்று.

அந்த அம்மாளுக்கு ஒரு கொள்கை. முன்பு வந்த வெளிநாட்டவர்கள் சிலர் மனம் நொந்து போய்விட்டார்களாம். அதனால் எல்லா ஊழியர்களையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தார். புதிதாக வந்தவரிடம் முதல் வருடம் முகத்துக்கு நேராகக் குறை சொல்லக் கூடாது. ஊக்கம் கொடுங்கள். நம்பிக்கை வளரட்டும்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நானும் கேட்டுவிட்டுத் தலையாட்டினேன்.

இனி, அந்தக் கம்பெனியின் இன்னொரு வழக்கம். அங்கே நீளமாக ஓர் அறை. யார் வரைந்த வரைபடமானாலும் அந்தச் சுவரில் ஒட்டவேண்டும். வரைந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு சிவப்புப் பேனாவோடு வந்து கண்டபடி கோடு போட்டுக் கேள்வி கேட்பார்கள். கேள்வி என்றால் பூப்போல இல்லை. "இதை வரையும்போது தூங்கிட்டிருந்தியா?" "இந்தக் குழாய்க்குள்ள காத்து போகுமா, கழுதை போகுமா?" வரைந்தவர் பதிலுக்குக் கத்தலாம், சண்டை போடலாம், தோற்கலாம், ஜெயிக்கலாம். இதற்குச் "சிவப்பு" என்று பெயர். "இன்னைக்கு யாருக்குச் சிவப்பு?" என்றுதான் காலையில் விசாரித்துக்கொள்வார்களாம். முடிந்ததும் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், வாயில் சோற்றை வைத்துக்கொண்டே மிச்சச் சண்டையையும் போட்டு முடிப்பார்கள்.

என் நாத்தனாருக்குச் சிவப்பு கிடையாது. முதல் வருடம் அல்லவா? அவளுடைய வரைபடங்கள் நேராக ஒரு மூத்த பொறியாளரிடம் போகும். அவரைச் சிடுமூஞ்சி என்று வைத்துக்கொள்வோம், அவள் அப்படித்தான் சொல்வாள். சிவப்பில் யாரையும் சும்மா விடமாட்டார், குரல் மூன்றாவது அறைவரை கேட்கும். அந்தச் சிடுமூஞ்சி இவளிடம் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "நல்லா இருக்கும்மா" என்பார். ஒரு கோடுகூடப் போடமாட்டார்.

இவள் என்ன நினைத்தாள்? தான் அவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்தாள். நாங்கள் என்ன நினைத்தோம்? அதையே நினைத்தோம். நான் தெருவில் பாதிப்பேருக்குச் சொல்லியாயிற்று. "அங்க எல்லாரும் திட்டு வாங்கறாங்க, எங்க நாத்தனார் டிராயிங்ல மட்டும் ஒரு புள்ளி வைக்க முடியலையாம்."

ஆனால் சாப்பாட்டு நேரம் பற்றி அவள் பேசும்போது மட்டும் குரல் இறங்கும்.

"அந்தப் பெரிய மேசைல ஒரே கூச்சல் அண்ணி. நான் போய் உக்காந்தா எல்லாரும் சட்டுனு அமைதியாகி, 'ஊரெல்லாம் பிடிச்சிருக்கா? தூக்கம் வருதா?'ன்னு கேக்கறாங்க. வந்த நாள்ல கேட்ட அதே கேள்வி. நான் எழுந்து போனதும் மறுபடி கூச்சல் ஆரம்பிச்சுடுது."

"மரியாதைடி அது."

"விருந்தாளிக்குக் குடுக்கற மரியாதை அண்ணி. எத்தனை மாசம்தான் ஒருத்தி விருந்தாளியா இருப்பா?"

4

[இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். சிடுமூஞ்சியைப் பிடித்தேன். பின்வருமாறு எழுதினேன்:]

"மீசையை முறுக்கிக்கொண்டே அவர் அவளுடைய வரைபடத்தைப் பார்த்தார். உதட்டில் ஒரு நமுட்டுச் சிரிப்பு. இவள் இங்கே நிலைக்கக் கூடாது என்று"

[நாத்தனாருக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில்: "அவருக்கு மீசையே இல்ல அண்ணி." அடுத்து இன்னொரு வரி: "அவரு நல்லவரு. அதுதானே பிரச்னை!"]

நல்லவர்களை வைத்துக்கொண்டு கதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கெட்டவன் ஒருவன் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, அவனே கதையை இழுத்துக்கொண்டு போவான். இங்கே பாருங்கள், வரவேற்பு அம்மாள் தங்கம், சிடுமூஞ்சி வெல்லம், மேலாளர் வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். எல்லோரும் சேர்ந்து ஒரு பெண்ணைக் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள், மெத்தை போட்டு.

5

கிணறு தெரிந்தது ஒரு பள்ளிக்கூடத்தில்.

கம்பெனி கட்டிக்கொண்டிருந்த பள்ளி. காற்றோட்டம் முழுவதும் இவள் வரைந்தது. வருடம் முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தானாகவே ஒருநாள் சைட்டுக்குப் போனாள். இவள் படத்தில், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் வாய் பின்பக்கச் சுவரில் இருந்தது. போய்ப் பார்த்தால் சுவர் சுவராகவே இருக்கிறது, ஓட்டையே இல்லை. அண்ணாந்து பார்த்தாள். மொட்டை மாடியில் இருந்தது.

"இது நான் வரைஞ்சது இல்லையே?" என்று மேஸ்திரியிடம் கேட்டாள்.

"திருத்தின படம் இதுதாங்க வந்துச்சு. பின்பக்கம் லாரி வந்து நிக்கும்ல, புகை முழுக்க வகுப்புக்குள்ள போயிடும்னு மாத்தினாங்க." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கூடவே, "உங்க படத்துக்கு எப்பவும் திருத்தம் ஒண்ணு பின்னாடியே வருமேம்மா. அதுக்காகத்தான் நாங்க ரெண்டு நாள் காத்திருந்துட்டு ஆரம்பிப்போம்" என்றார்.

எப்பவும்.

அந்தச் சொல்லோடுதான் திரும்பினாள். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, வந்த பேருந்துகளையெல்லாம் விட்டுவிட்டு, என்னைத்தான் கூப்பிட்டாள்.

"சின்னக் குழந்தைக்குப் பின்னாடியே துணியோட வந்து துடைச்சுக்கிட்டுப் போவோம்ல அண்ணி, அந்த மாதிரி ஒரு வருஷமா எனக்குப் பின்னாடி துடைச்சிருக்காங்க. எனக்கு மட்டும் தெரியல. மேஸ்திரிக்குத் தெரியுது. லாரி ஓட்டறவருக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

எனக்குத் தெருவில் பாதிப்பேருக்குச் சொன்னது ஞாபகம் வந்து காது சுட்டது.

மறுநாள் காலை அவள் நேராகச் சிடுமூஞ்சியின் மேசைக்குப் போனாள்.

"ஏன் சார் என்கிட்டச் சொல்லல?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "சொல்லக் கூடாதுன்னு வகுப்பு எடுத்தாங்கம்மா. போன தடவை ஒரு புது ஆள்கிட்ட நான் கத்திட்டு, எனக்கு எச்சரிக்கை வந்துச்சு. அதான் நானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் திருத்திடுவேன். உங்களுக்கும் கஷ்டம் இல்ல, வேலையும் நிக்கல."

"மத்தவங்களை மட்டும் அந்தத் திட்டு திட்டறீங்க?"

"அவங்க எங்க ஆளுங்கம்மா."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

(அடிக்குறிப்பு மாதிரி இரண்டு: இங்கே நான் அவளை ஒரு நீண்ட வசனம் பேசவைத்தேன். "எங்களை எப்போது உங்களில் ஒருவராக" என்று தொடங்கிப் பக்கம் நிறைய. அவள் அடித்துவிட்டாள். "நான் அப்படி ஒண்ணும் பேசல. நேரா பாத்ரூமுக்குத்தான் போனேன்" என்றாள்.)

6

இப்போது கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடித்துவிடுவேன்.

கையெழுத்து உரிமை எப்படிக் கிடைக்கும்? பொறியாளர்கள் குழு ஒன்று கூடித் தீர்மானிக்கும். அவர்கள் முதலில் பார்ப்பது, இந்த ஆள் சிவப்பில் நின்றிருக்கிறாரா, தன் வரைபடத்துக்காக வாதாடியிருக்கிறாரா என்பதைத்தான். நியாயம்தானே? திட்டுக்குப் பதில் சொல்லத் தெரியாதவரை நம்பி எப்படிக் கட்டடத்தைக் கொடுப்பது? ஆனால் புதிதாக வந்தவரைச் சிவப்பில் நிறுத்தக் கூடாது என்பது இன்னொரு விதி. அந்த விதி கீழ்த்தளத்தில் வரவேற்பு அம்மாள் போட்டது. முதலில் சொன்னது மேல்தளத்தில் பொறியாளர்கள் போட்டது. நடுவில் மாடிப்படி இருக்கிறது, மின்தூக்கிகூட இருக்கிறது. ஒருவரும் ஏறி இறங்கிக் கேட்கவில்லை.

முன்பு வந்த வெளிநாட்டவர்கள் எல்லோரும் வருடக் கடைசியில் உதவியாளர்களாகி, கொஞ்ச நாளில் கிளம்பிப் போயிருக்கிறார்கள். "பாவம், இந்த ஊர் அவங்களுக்கு ஒத்துக்கல" என்று கம்பெனி உச்சுக்கொட்டியிருக்கிறது. அதற்காகத்தான் இன்னும் மென்மையாக இருங்கள் என்று இன்னொரு வகுப்பு. கிணற்றில் இன்னொரு மெத்தை.

நம் வீட்டில் புது மருமகளை முதல் மாதம் அடுப்பங்கரைப் பக்கமே விடாமல், இரண்டாம் மாதம் "இவளுக்கு ஒரு வேலையும் தெரியல" என்பார்களே, அப்படித்தான். எனக்கு அனுபவம் உண்டு. என் மாமியார் புண்ணியவதி, வந்த மூன்றாம் நாளே என்னைத் திட்டிவிட்டார்.

கட்டுரை முடிந்தது.

7

என் நாத்தனார் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

"என்னையும் சிவப்புல நிக்கவைங்க" என்றாள் வரவேற்பு அம்மாளிடம்.

"ஐயையோ, வேணாம்மா. உங்களுக்குத் தெரியாது, மோசமாப் பேசுவாங்க. அழுதுடுவீங்க."

"அழுதா தண்ணி குடிச்சுட்டு வந்து மறுபடி நிக்கறேன்."

"எதுக்கும்மா இந்த வம்பு? நான் உங்களைப் பத்திரமா வச்சிருக்கேன்ல?"

"பத்திரமா வச்சிருக்கீங்க. என் பொண்ணை மட்டும் இங்க வரவிடாம வச்சிருக்கீங்க."

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. இவள் உட்கார்ந்து, குழு எதைப் பார்க்கும், பார்க்காவிட்டால் என்ன ஆகும், உதவியாளர் என்றால் வாலுவும் மாப்பிள்ளையும் என்ன ஆவார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். கேட்கக் கேட்க அந்த அம்மாள் முகம் வெளுத்துப்போனது. அவருக்கு அந்த விதி தெரியவே தெரியாதாம். "அப்போ போனவங்க எல்லாம்..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. பிறகு இவள் கையைப் பிடித்துக்கொண்டு, தானே முன்னால் நடந்து, மேல்தளத்துக்குப் படியேறினார். மேலாளர் கேட்டுவிட்டு, "அவங்களே கேக்கும்போது நான் எதுக்குத் தடுக்கப்போறேன்?" என்றார். அவ்வளவுதான். ஒரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில்.

[இந்த இடத்தில் மழை பெய்யவைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம்.]

சிவப்பு அறையில் என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அவள் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். அவள் ஒட்டியது எந்தப் படத்தை தெரியுமா? அதே பள்ளிக்கூடப் படம், திருத்தாத பழைய படம், தப்போடு. எனக்கு இதைக் கேட்டதும் தலை சுற்றியது. "நல்லதா ஒண்ணு பாத்து ஒட்டக் கூடாதாடி?" என்றேன். "நல்லதுக்கு யாரு அண்ணி சண்டை போடுவாங்க?" என்றாள்.

எல்லோரும் வந்தார்கள். கையில் பேனா இருந்தது. பார்த்தார்கள். சிரித்தார்கள். ஒருத்தர், "தலைப்பெல்லாம் அழகா எழுதியிருக்கீங்க" என்றார். இன்னொருத்தர் தொண்டையைச் செருமினார். ஒருத்தர் பேனாவைத் திறந்து, மறுபடி மூடிவிட்டார். கழுதை, குரங்கு என்று கத்துகிற கூட்டம், பொண்ணு பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் கைகட்டி நின்றது. கடிகாரம் ஓடியது. ஒரு கோடுகூட விழவில்லை. இப்படியே எல்லோரும் "நன்று" சொல்லிவிட்டுக் கலைந்தால் அவள் சிவப்பில் நின்றதாகவே கணக்கு ஆகாது. மகள் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது என்றாள்.

சட்டென்று பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். பின்பக்கச் சுவரில் தான் போட்ட காற்று வாயைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள். அவளுக்கு அந்த ஊர் மொழி இன்னும் சரளமாக வராது, இருந்ததை வைத்துக் கத்தினாள்:

"லாரிப் புகையைக் குழந்தைங்க மூக்குல விடற மாதிரி எவ வரைஞ்சா இதை? கேக்க ஆளே இல்லையா இந்த ஆபீஸ்ல? எல்லாருக்கும் வாய்ல என்ன, கொழுக்கட்டையா?"

(கொழுக்கட்டை நான் போட்டது. அவள் வேறு ஏதோ சொன்னாளாம்.)

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்தது. அடுத்தது சிடுமூஞ்சியின் குரல், மூன்றாவது அறைவரை கேட்கிற நிஜக் குரல்:

"அது மட்டுமா? அந்தக் குழாயைப் பாரு! நேரா பீம்ல போய் முட்டுது! பீமை என்ன, பல்லால கடிச்சு நகர்த்துவியா?"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? அவள் கவனித்தாள்.

அதற்குப் பிறகு அணை உடைந்துவிட்டது. ஒருத்தர் வடிகட்டியைத் திறக்க இடமே விடவில்லை என்றார். இன்னொருத்தர், "நீ வரைஞ்ச வளைவுல காத்து திரும்பாது, திரும்பி வீட்டுக்குப் போயிடும்" என்றார். படம் முழுக்கச் சிவப்பு. இவளும் சும்மா நிற்கவில்லை. பாடம் நடக்கும் அறைகளுக்கு ஏன் இவ்வளவு அகலமான குழாய், தகரம் வீண் என்று பக்கத்து மேசைக்காரர் ஆரம்பித்தார். இவள் பிடித்துக்கொண்டாள். குறுகலாகப் போட்டால் காற்று வேகமாகப் போகும், வேகமாகப் போனால் இரையும், இரைச்சலில் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு டீச்சர் குரல் கேட்காது என்று மூச்சுவிடாமல் வாதாடினாள். அவர் விடவில்லை. இவளும் விடவில்லை. கடைசியில் அவர், "சரி சரி, அகலமாவே இருந்து தொலையட்டும்" என்றார். மற்றதெல்லாவற்றிலும் இவள் தோற்றாள். ஒன்றில் ஜெயித்தாள்.

சாப்பாட்டு மேசையில் யாரும் தூக்கம் வருகிறதா என்று கேட்கவில்லை. சிடுமூஞ்சி காலால் ஒரு நாற்காலியை இவள் பக்கம் தள்ளிவிட்டு, "உக்காரு. அந்த பீமுக்கு என்ன பண்ணப்போறே, அதைச் சொல்லு முதல்ல" என்றார். இவள் வாயில் உணவோடு பதில் சொன்னாள். சொல்லிவிட்டு, எழுந்து வெளியே வந்து, என்னைக் கூப்பிட்டாள். அதுதான் அந்த மத்தியான அழைப்பு.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குட்டு வாங்கினாலும் மோதிரக் கையால வாங்கணும்னு சும்மாவா சொன்னாங்க?" இந்த மனுஷன் வருடத்துக்கு ஒரு முறைதான் பொருத்தமாகப் பேசுவார்.

8

முடிவுக்கு வந்துவிட்டோம். குழு கூடுவதற்கு முன்பே இரண்டு எழுதிவைத்தேன்.

முடிவு அ: குழு கூடியது. உரிமை கொடுத்தது. எல்லோருக்கும் சந்தோஷம். (இவ்வளவுதான். மூன்று வரி.)

முடிவு ஆ: குழு கூடியது. ஒரு முறை சிவப்பில் நின்றது போதாது என்றது. செய்தி வந்த அன்று மாலை, வாலு ஒன்றும் கேட்காமல் என் மடியில் வந்து உட்கார்ந்தாள். நான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். இடது பக்கம் எப்போதும் கொஞ்சம் தளர்ந்துவிடும் அவளுக்கு, மறுபடி அவிழ்த்துப் பின்னினேன். "அத்தை, நாளைக்கும் நீதானே பின்னுவே?" என்றாள். ஆமாம் என்றேன். (இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது. நன்றாகத்தான் வந்திருந்தது.)

இரண்டையும் நாத்தனாருக்கு அனுப்பினேன். இந்த முறை எழுத்தில் பதில் வரவில்லை, கூப்பிட்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"என்னை ஜெயிக்கவிட்ட முடிவு மூணு வரி. தோக்கவிட்டது இவ்ளோ நீளம், இவ்ளோ அழகா. ஏன் அண்ணி?"

அவளே தொடர்ந்து, "அவளை விட்டுட்டு எப்படி இருக்கப்போறீங்க அண்ணி?" என்றாள். குரலில் கிண்டல் இல்லை. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். ஒரு வருடமாக அவளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை, அது சத்தியம். அவளுக்கு நல்லது நடந்தால் என் வீடு காலியாகிவிடும், அதுவும் சத்தியம். இரண்டையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தேன். பேனா என்னைவிட யோக்கியமாக இருந்திருக்கிறது.

"அழாதீங்க. திருத்தி எழுதுங்க" என்றாள். "வாலு மடியில உக்கார வயசா இது? உங்க இடுப்பு உடைஞ்சிடும். அதோட அவ தலைய அவளே பின்னிக்கறா, நீங்க பின்னினா வலிக்குதுன்னு என்கிட்டச் சொன்னா. எல்லாம் பொய்யா எழுதியிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவளா ஒரு வருடம் வாய் திறக்காமல் இருந்தாள்!

நடந்தது இதுதான். அந்த முதல் சிவப்புக்குப் பிறகும் சில முறை நின்றாள். கையெழுத்து உரிமை வந்தது, தவணைக்குள். குடும்ப அனுமதியும் வந்தது. மாப்பிள்ளை வேலையை விட்டாயிற்று. வரவேற்பு அம்மாள் இப்போது வாரம் ஒரு முறை மேல்தளம் ஏறுகிறாராம். புதியவர்கள் மூன்று மாதத்தில் சிவப்பில் நிற்கலாம் என்று விதியை மாற்றியிருக்கிறார்கள். ஏன் மூன்று மாதம் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கம்பெனி என்றால் அப்படித்தான்.

9

இன்று காலை மாப்பிள்ளையையும் வாலுவையும் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு வந்தோம். மாடி திறந்துகிடக்கிறது. வீட்டுக்காரர் எதற்கோ மேலே போனவர் இன்னும் இறங்கவில்லை. நான் கூப்பிடவில்லை. மனசு லேசாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. நெஞ்சு வலிக்கிறதா என்றால் வலிக்கிறது. ஆனால் ஒரு வருடமாக உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது, அது இறங்கிய இடம்தான் வலிக்கிறது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் அங்கே போய்ச் சேருவார்கள். அந்த வீட்டுக் கதவை என் நாத்தனார் திறப்பாள். அதை எழுதாமல் எப்படி விடுவது என்று உட்கார்ந்தேன். முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "அதை மட்டும் எழுதாதீங்க அண்ணி. நான் முதல்ல பாத்துக்கறேன்."

அவள் சொன்னால் நியாயம் இருக்கும். அதோடு, அது நடக்கிற இடத்தில் நான் இல்லை, இங்கே இருக்கிறேன். ஆகையால் ஐயா, அம்மா, கேட்டுக்கொண்டே வந்த உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வாக்கியத்தை மட்டும் தொடங்கித் தருகிறேன், எனக்கு அதுவரைதான் கை வருகிறது.

கதவு திறந்ததும், வாலு தன் அம்மாவைப் பார்த்து